மாட்டுச் சட்டத்தில் நடந்த கல்யாணம்

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'கமா'. முகத்துக்கு நேரே கமா சார், முதுகுக்குப் பின்னால் வெறும் கமா. அடுத்தவர் எழுதிய வரைவில் ஒரு கமா இடம் மாறியிருந்தாலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஓரத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதித் திருப்பி அனுப்புகிறவன் என்பதால் வந்த பெயர். கூப்பிட்டவர்கள் அதை வசை என்று நினைத்தார்கள். நான் விருது என்று நினைத்தேன். இருபத்தாறு வருஷம் அப்படியே ஓடியது.

சட்ட வரைவுப் பிரிவு என்றதும் வெளியே இருப்பவர்களுக்குப் பெரிய மூளைக்காரர்கள் கன்னத்தில் கைவைத்து யோசிக்கும் இடம் என்று ஒரு நினைப்பு. உள்ளே நடப்பது வேறு. எங்கள் பிரிவில் யாரும் எதையும் புதிதாக எழுதுவதில்லை. பழைய கோப்பு ஒன்றைத் தூசு தட்டி எடுப்போம். பெயரையும் தேதியையும் மாற்றுவோம். மிச்சத்தை அப்படியே இறக்குவோம். நாங்கள் இதற்கு வைத்திருக்கும் கௌரவமான பெயர் 'முன்மாதிரி'. பள்ளிக்கூடத்தில் இதை ஈயடிச்சான் காப்பி என்பார்கள். அங்கே இதற்கு அடி கிடைக்கும், இங்கே பதவி உயர்வு கிடைக்கும்.

தொற்று பரவி ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில், மூன்று நாளில் ஒரு தற்காலிகச் சட்டம் வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். விசாரணைகளைத் தொலைபேசியில் நடத்தலாம், பத்திரங்களுக்கு வீடியோவில் சாட்சி சொல்லலாம், கூட்டங்களைத் திரையிலேயே கூட்டலாம், கல்யாணத்தைக்கூட வீடியோவில் பதிவு செய்யலாம் என்று முப்பத்தொரு பிரிவுகள். சமையலறை மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு முன்மாதிரி தேடினேன். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பு எப்போதோ வந்த வெள்ளத்துக்காகப் போட்ட ஒரு தற்காலிகச் சட்டம் கிடைத்தது. பாலம் உடைந்துபோனதால், வழக்கமான அனுமதிச் சீட்டு இல்லாமலே மாடுகளை மாற்றுப் பாதையில் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் அதன் சாரம். கச்சிதமான நடை. ஒரு கமா பிசகில்லை. அதன் எலும்புக்கூட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் காப்புப் பிரிவு என்று ஒன்று உண்டு. 'இந்தச் சட்டம் செத்தாலும், இதன்படி நடந்தவை எல்லாம் உயிரோடு இருக்கும்' என்று சொல்லும் இரண்டு வரி. வெள்ளச் சட்டத்தில் அது கிடையாது, தேவையும் இல்லை. பாலத்தைச் சுற்றிப் போன மாடு போய்ச் சேர்ந்துவிட்டால் சேர்ந்ததுதான்; சட்டம் காலாவதியான மறுநாள் அதைப் பிடித்து யாரும் பின்னோக்கி ஓட்டப் போவதில்லை. கல்யாணம் அப்படியா? இந்தக் கேள்வி அன்று என் மண்டையில் உதிக்கவில்லை. கமாக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது பிரிவு கல்யாணம் பற்றியது. அதற்கு வழக்கமான திருமணப் பதிவு விதியிலிருந்து ஒரு பத்தியை உருவிக்கொண்டேன். 'இருவரும் நேரில் நின்று பதிவாளரிடம் உறுதிமொழி கூற வேண்டும்' என்று இருந்ததில் 'நேரில்' என்பதை அடித்துவிட்டு 'காணொளியில்' என்று போட்டேன். ஒரே ஒரு சொல்லை மாற்றி ஒரு யுகத்தையே மாற்றிவிட்டதாக எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை.

அந்தப் பிரிவின் முதல் வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். நாற்பத்தேழு வயது பிரம்மச்சாரி. நான் கட்டிக்கொண்டவர் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ், நாற்பத்து மூன்று வயது. நான் எழுதிய ஆஸ்பத்திரி ஒப்புதல் படிவத்தில் நோயாளி கையெழுத்துப் போடுவதற்கே இடம் விடவில்லை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவர். என் வாழ்நாளில் என் தாளில் வட்டம் போட்ட ஒரே ஆள். கட்டினால் இவரைத்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்து, ஒத்துக்கொள்ள வைக்க இரண்டு வருஷம் ஆனது.

தொற்று வந்ததும் அவரை ஆஸ்பத்திரி விடுதியை விட்டு வெளியே விடவில்லை. எனவே என் சட்டத்தின்படியே கல்யாணம். கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். முழுக்கைச் சட்டை, படிய வாரிய தலை. திரையில் பதிவாளர், "எழுந்து நில்லுங்க" என்றார். அரசாங்க ஆள் நில் என்றால் என் உடம்பு என்னைக் கேட்காமலே நின்றுவிடும். நின்றேன். கீழே வாத்துப் படம் போட்ட அரை டிரவுசர். பதிவாளர் இருமினார். திரையின் மறுபாதியில் மணப்பெண்ணுக்கு முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண் சிரித்தது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நிமிஷம் இருந்ததாக நினைவில்லை.

ஐம்பதை நெருங்கிக் கட்டிக்கொண்டதால் இன்றுவரை ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசிக்கொள்கிறோம். சண்டையிலும் அந்த மரியாதை குறைவதில்லை. அதனால் சண்டை இன்னும் நன்றாகவே உறைக்கிறது.

எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம். என் மனைவியின் கீழே வேலை செய்த இளம் நர்ஸ் ஒருத்தி. அவளுக்கு மூன்றாம் மாடியில் வேலை. கட்டிக்கொள்ள வேண்டியவன் அதே ஆஸ்பத்திரியில் ஐந்தாம் மாடியில், நோயாளியாக. இவள் அங்கே போக அனுமதி இல்லை. "பேரையாவது சேர்த்து எழுதிடலாம்" என்று அவன் சொன்னானாம். என் மனைவி ஐந்தாம் மாடியில் அவனுக்குக் கைபேசி பிடித்தார். நான் முந்தின நாளே அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் அரைமணி நேரம் நடைமுறை விளக்கினேன், யாரும் கேட்காத உட்பிரிவுகள் உட்பட. கடைசியில் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"சார், இது செல்லும்ல?"

"நானே எழுதின சட்டம்மா. கல்லுல வெட்டின மாதிரி. யாராலயும் அழிக்க முடியாது."

பதினோராம் நாள் அவன் இறந்துபோனான்.

தற்காலிகச் சட்டத்தை நாலு முறை நீட்டித்தார்கள். ஐந்தாவது முறை நீட்டிக்க மாட்டோம், எதை நிரந்தரமாக்குவது, எதைச் சாக விடுவது என்று பட்டியல் போடு என்று துறைச் செயலர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எங்களுக்கெல்லாம் அவர் 'மேடம்'. மாதக் கடைசியில் சட்டம் காலாவதி. தொலைபேசி விசாரணை நிரந்தரம், வீடியோ சாட்சி நிரந்தரம், திரைக் கூட்டம் நிரந்தரம். ஒன்பதாவது பிரிவுக்கு வந்ததும் என் பேனாவுக்குத் திடீரென்று ஒழுக்கம் வந்துவிட்டது. 'திருமணம் என்னும் புனித ஒப்பந்தத்துக்கு நேரடி வருகை இன்றியமையாதது. எனவே காலாவதியாக விடலாம்' என்று எழுதினேன். வாத்து டிரவுசரில் கல்யாணம் செய்துகொண்டவன் எழுதிய வரி அது. ஊருக்கு உபதேசம் செய்வதில் எங்கள் துறையை யாரும் மிஞ்ச முடியாது.

செவ்வாய்க்கிழமை காலை, சட்டம் எப்படிச் சாகிறது என்று சரிபார்க்கக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். காப்புப் பிரிவைத் தேடினேன். இல்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினேன். அப்போதும் இல்லை. முதல் தேதியிலிருந்து நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்கள் அந்தரத்தில் தொங்கும். பக்கத்து மேஜைக்காரர், "என்ன கமா சார், டீ ஆறிப்போச்சே?" என்றார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி சிரித்துவைத்தேன்.

அந்த நேரத்தில் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு குடும்பங்களை நினைத்துத் துடித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையைச் சொன்னால், நான் செய்த முதல் காரியம் கீழ்த்தளத்துக்கு இறங்கி, யாரும் பார்க்காமல் ஒரே ஒரு நேரடித் திருமணப் பதிவுப் படிவத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டதுதான்.

சாயங்காலம் அதை மனைவி முன்னால் நீட்டினேன்.

"இங்க ஒரு கையெழுத்து. சும்மா, ஒரு சம்பிரதாயம்."

மருந்துச் சீட்டைப் படிக்காமல் ஊசியைத் தொடாத ஆள் அவர். படித்தார். "நம்ம ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி நாலு வருஷம் ஆகப்போகுது. இப்ப எதுக்குங்க இன்னொரு பதிவு?"

மென்று விழுங்கினேன். பிறகு சொன்னேன். காப்புப் பிரிவு, வெள்ளம், பாலம், எல்லாம். அவர் கண் விரிந்துகொண்டே போனது.

"மாட்டுச் சட்டத்துலயா என்னைக் கட்டிக்கிட்டீங்க?"

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தப்பித்தேன் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் சிரிப்பு பட்டென்று நின்றது.

"அப்போ அந்தப் பொண்ணு?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"மூணாவது மாடிப் பொண்ணு. உயிரோட இருக்கிறவங்க நாளைக்கே போயி மறுபடி பதிஞ்சுக்கலாம். அவ யாரைக் கூட்டிக்கிட்டுப் போவா? மாமியாரைத் தன் கூடவே வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கா. மருமகள்னு சொல்லிக்க அந்தச் சான்றிதழைத் தவிர அவகிட்ட என்ன இருக்கு? கல்லுல வெட்டினதுன்னு சொன்னீங்களே."

"அது... ஒரு பேச்சுக்கு..."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்." படிவத்தை மடித்து என் சட்டைப் பையில் அவரே செருகினார். "அவளுக்கு என்னவோ அதேதான் எனக்கும். ஒண்ணாந்தேதி அவ கல்யாணம் செல்லாதுன்னா நம்மளதும் செல்லாது. நான் பழையபடி விடுதிக்கே போயிடுறேன்."

விளையாட்டு இல்லை. அன்றே விடுதியில் அறை காலியாக இருக்கிறதா என்று என் எதிரிலேயே போன் போட்டு விசாரித்தார். இருந்தது.

மறுநாள் மேடத்திடம் போனேன். அவர் கோப்பிலிருந்து தலையை எடுக்காமலே முழுவதையும் கேட்டார்.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும் மேடம். என் வீட்டுல தெரியும்."

"அப்போ விடுங்க. யாரும் வழக்குப் போடாத வரைக்கும் ஒண்ணும் ஆகாது. இல்லாட்டி ஒன்பதை நிரந்தரப் பட்டியலுக்கு மாத்திட்டு, 'மிகுந்த எச்சரிக்கையின் பொருட்டு'ன்னு சொல்லிக் காப்புப் பிரிவு ரெண்டு வரி சேருங்க. ஆனா பட்டியல் சட்டமன்றக் குழுவுக்குப் போயிடுச்சு. ஏன் மாத்துறீங்கன்னு வெள்ளிக்கிழமை கேப்பாங்க. பதில் நீங்கதான் சொல்லணும்."

அந்தப் பதிலை எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் வரைவு: 'ஒரு விடுபடல் நிகழ்ந்துள்ளதாகத் தெரியவருகிறது.' மனைவி பார்த்தார். சிவப்புப் பேனாவை எடுத்து வட்டம் போட்டு, ஓரத்தில் 'யாரால்?' என்று எழுதினார். இரண்டாவது வரைவு: 'அன்றைய அவசரச் சூழலில் துறையின் கவனத்துக்கு வராமல் போனது.' வட்டம். 'எந்தத் துறை? பெயர் என்ன?' இப்படி ஏழு வரைவுகள். இருபத்தாறு வருஷமாக நான் பிறருக்குச் செய்ததெல்லாம் இரண்டு நாளில் எனக்குத் திரும்பி வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானை இல்லை என்பதுதான் எட்டாவது வரைவில் தெரிந்த விஷயம்.

வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம் திரையில்தான். திரைக் கூட்டத்தை நிரந்தரமாக்கலாமா என்று ஆராயும் கூட்டமே திரையில் நடந்தது; அதில் ஒருவருக்கும் கூச்சம் இல்லை. உறுப்பினர்கள் அவரவர் ஊரில். நான் அதே சமையலறை மேஜையில். கைபேசிக்குப் பதில் மடிக்கணினி, அதே சர்க்கரை டப்பா. மனைவிக்கு அன்று விடுமுறை. அடுப்புப் பக்கம் ஸ்டூல் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தலைவர் என்னைக் கூப்பிட்டதும் ஆரம்பித்தேன். எட்டாவது வரைவு, மனப்பாடம். சட்டம் மனிதருக்காக என்பதில் தொடங்கி, என் பிழையை நானே உரித்துவைத்து, குரல் தழுதழுக்க முடித்தேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேச்சு. நிசப்தம். அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள் என்று நினைத்தேன்.

"சத்தம் வரலைங்க," என்றார் தலைவர். "மைக் ஆஃப்ல இருக்கு."

போட்டேன். மனப்பாடம் போய்விட்டது. அடுப்புப் பக்கம் பார்த்தேன். அவர் உதட்டை அசைத்தார்: சொல்லுங்க.

"தப்பு என்னோடதுங்க. மாட்டுச் சட்டத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சேன். காப்புப் பிரிவு போட மறந்துட்டேன்."

"எந்தச் சட்டம்? சரியா கேக்கல."

"மாட்டுச் சட்டம்!" என்று கத்தினேன். மாடி வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டது.

தலைவர் எத்தனை கல்யாணம் என்று கேட்டார். சொன்னேன். "எல்லாரையும் மறுபடி பதியச் சொல்லிட்டா?" என்றார். "முப்பத்தேழு பேரால முடியாதுங்க. ஜோடியில ஒருத்தர் உயிரோட இல்ல," என்றேன். யாரும் எதுவும் பேசவில்லை. இந்த முறை என் மைக் போட்டுத்தான் இருந்தது. தலைவர், "இது உங்களுக்கு எப்படித் தெரிய வந்துச்சு?" என்றார்.

"என் கல்யாணமும் அதுல ஒண்ணுங்க."

அவர் நிதானமாக, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி," என்றார். அரசாங்கத்தில் எனக்கு யாரும் நன்றி சொன்னதே இல்லை. உடம்பு என்னைக் கேட்காமல் எழுந்து நின்றுவிட்டது. அன்றும் வாத்து டிரவுசர்தான். நாலு வருஷத்தில் வாத்துகளுக்கு நிறம்தான் போயிருந்தது.

ஒன்பதாவது பிரிவு நிரந்தரமானது. 'முன்பு அந்தச் சட்டத்தின்படி முறையாக நடந்த திருமணங்கள் எல்லாம் என்றும் செல்லும்' என்ற வரியும் சேர்ந்தது. காலாவதிக்கு இரண்டு நாள் முன்பு அரசிதழில் வந்தது. கூட்டத்தில் நான் தப்பை ஒப்புக்கொண்டு எழுந்து நின்ற துண்டுக் காணொளியும் எங்கெங்கோ சுற்றி வந்தது. கமா என்ற பெயர் ஒரே வாரத்தில் ஒழிந்து, இப்போது என்னை 'வாத்து' என்கிறார்கள். நேரே வாத்து சார்.

மனைவி விடுதி அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் தோளில் கைவைத்து, "பரவாயில்ல, நிரந்தரமாக்கிடலாம்," என்றார். கதை இங்கே முடிந்திருந்தால் நான் நல்லவனாகவே முடிந்திருப்பேன்.

அரசிதழ் வந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மூன்றாம் மாடிப் பெண் வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பையிலிருந்து அந்தச் சான்றிதழை எடுத்து மேஜையில் வைத்தாள். பிளாஸ்டிக் உறைக்குள், ஓரம் மடியாமல்.

"சார், நீங்க உங்க தப்பை எல்லார் முன்னாடியும் சொன்னதைப் பார்த்தேன். நானும் சொல்லிடுறேன். இது செல்லாது சார்."

"செல்லும்மா. அரசிதழ்லயே..."

"இல்ல சார். அன்னைக்கு அவர் நிக்கல."

எனக்குப் புரியவில்லை. அவள் மனைவியைப் பார்த்தாள். மனைவி தரையைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்து நான் கண்டதே இல்லை.

"பதிவாளர் எழுந்து நிக்கச் சொன்னார். அவரால முடியல. அக்காதான் கட்டிலோட தலைமாட்டை முழுசா மேல தூக்கி, கைபேசியைச் சாய்ச்சுப் பிடிச்சாங்க. நின்ன மாதிரி தெரிஞ்சுது. பதிவாளரும் சரின்னுட்டார். ஆனா சட்டத்துல 'நின்று'ன்னு இருக்கு சார். நீங்கதானே அரைமணி நேரம் சொல்லிக்குடுத்தீங்க. நின்னாத்தான் செல்லும்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அந்தக் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பீங்க," என்றார் அவர்.

நிறுத்தியிருப்பேன். சிவப்பு வட்டம் போட்டு.

"அது ஒண்ணுமில்லம்மா," என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. "அந்த வார்த்தை பழைய விதியில இருந்துச்சு. நான் யோசிக்காம இறக்கிட்டேன். அதை யாரும் கேக்க மாட்டாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்கதான் சார். நான் கேட்டுக்கிட்டேதானே இருக்கேன். நாலு வருஷமா அவங்கம்மாவை அம்மான்னு கூப்பிடும்போதெல்லாம், பொய்யோ பொய்யோன்னு இருக்கு. இப்ப நீங்க நிரந்தரமாக்கின சட்டத்துல அந்த வார்த்தை இல்லதானே?"

அரசிதழ் மேஜையிலேயே இருந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று நானே வைத்திருந்தேன். பிரித்தேன். ஒன்பதாவது பிரிவு. 'இருவரும் காணொளியில் நின்று.' அதற்குக் கீழே, 'முறையாக நடந்த திருமணங்கள்.' மாட்டுச் சட்டத்திலிருந்து காப்பி அடித்ததற்கு மன்னிப்புக் கேட்ட கையோடு, என் சட்டத்திலிருந்தே நான் காப்பி அடித்திருந்தேன். ஒரு கமா பிசகில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். சான்றிதழை எடுத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்தாள். "பரவாயில்ல சார்," என்றாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் மேடத்தின் அறைக்குப் போனேன். கையில் ஒரு தாள். அதில் இரண்டே வரி: 'நின்று' என்ற சொல்லை நீக்குக, 'முறையாக' என்ற சொல்லை நீக்குக. இதற்கு நான் முன்மாதிரி எதையும் பார்க்கவில்லை.

மேடம் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். அறையில் என்னைத் தவிர யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"இன்னும் என்ன?"

என் உடம்பு வழக்கம்போல் விறைத்து நின்றது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நாற்காலியை இழுத்து, அவர் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

"தப்பு மேடம்," என்றேன். "இதுவும் என்னோடதுதான்."